கர்ணன் வீட்டுச் சண்டை

அரக்கோணத்தைத் தமிழர்களில் பாதிப் பேர் தூக்கத்தில்தான் கடந்திருப்பார்கள். பம்பாய் மெயில், கோயம்புத்தூர் வண்டி, திருப்பதிக்குப் போகும் சப்தகிரி என்று எல்லாம் இந்த ஜங்ஷனைத் தொட்டுவிட்டுத்தான் பிரிகின்றன. 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது இந்த வழியாகத்தான். அதற்குப் பிறகு ஊர் வளர்ந்ததெல்லாம் ரயிலால். ரயில்வே குவார்ட்டர்ஸ், ஒர்க்‌ஷாப், மாதா கோயில், ஆங்கிலோ இந்திய டிரைவர்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்ற பயத்தில் வெள்ளைக்காரர்கள் ஊருக்கு வெளியே ஒரு விமானத் தளமும் போட்டுவைத்தார்கள். 1992இல் அது ஐஎன்எஸ் ராஜாளி ஆனது. கடலே இல்லாத ஊரில் கடற்படைக்கு என்ன வேலை என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. நீர்மூழ்கிகளைத் தேடும் விமானங்கள் இங்கிருந்து கிளம்பித்தான் வங்காள விரிகுடாவின் மேல் சுற்றிவிட்டு வருகின்றன.

நான் இறங்கியது ஒரு சண்டையைப் பார்க்க. கர்ணனுக்கும் அவன் பெண்டாட்டி பொன்னுருவிக்கும் நடக்கிற சண்டை. தெருக்கூத்தில் கர்ண மோட்சம் ஆடும் இரவில், நள்ளிரவு தாண்டியபின் அது வரும். அதைப் பார்க்கவேண்டும் என்ற நமைச்சலை எனக்குள் கிளப்பியது ஒரு ஆங்கில நாடகம்.

1956 மே 8ஆம் தேதி, லண்டன் ராயல் கோர்ட் தியேட்டரில், 26 வயதான ஜான் ஆஸ்பர்ன் எழுதிய ‘லுக் பேக் இன் ஆங்கர்’ அரங்கேறியது. திரை விலகினால் ஒரு மாடி அறை. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர்கள் இறைந்து கிடக்கின்றன. ஒரு பெண் நின்றபடி துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். இவ்வளவுதான். ஆனால் அதுவரை லண்டன் மேடை பழகியிருந்தது டெரன்ஸ் ராட்டிகன், நோயல் கவர்டு வகையறாக்களின் வரவேற்பறைகளை. போர் முடிந்து பதினோரு வருஷம் ஆகியும் மேடையில் மட்டும் வேலைக்காரன் தட்டில் பானம் கொண்டுவந்துகொண்டிருந்தான். இஸ்திரிப் பலகையைப் பார்த்ததும் முகம் சுளித்தவர்கள் அன்றைக்கு நிறைய. ‘ஆப்சர்வர்’ இதழில் கென்னத் டைனன் தூக்கிப் பிடித்து எழுதினார். அக்டோபரில் பிபிசி ஒரு பகுதியைத் தொலைக்காட்சியில் காட்டியது. அதன்பிறகுதான் கூட்டம் வந்தது.

கதாநாயகன் ஜிம்மி போர்ட்டர் பல்கலைக்கழகத்தில் படித்தவன். பிழைப்புக்கு மிட்டாய்க் கடை போட்டிருக்கிறான். மனைவி அலிசன் மேல்வர்க்கத்துப் பெண். தன் பிறப்பின் மீதான ஆத்திரத்தையெல்லாம் அவள் பிறப்பின் மீது கொட்டுவதுதான் நாடகம். இரண்டாம் அங்கத்தில் மகளை அழைத்துப்போக அவள் அப்பா வருகிறார். கர்னல் ரெட்ஃபர்ன். 1914இல் இந்தியாவுக்கு வந்து, இங்கே ஒரு மகாராஜாவின் படையை நடத்தி, 1947இல் மூட்டைகட்டிக்கொண்டு போனவர். இங்கிலாந்துக்குத் திரும்பினால் தான் விட்டுப்போன இங்கிலாந்து அங்கே இல்லை. அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அரக்கோணம் மாதிரி ஊர்களின் பிளாட்பாரம்தான் நினைவுக்கு வரும். பிரிட்டிஷ் நவீன நாடகத்தின் தொடக்கப் புள்ளி என்று எல்லாரும் சொல்கிற நாடகத்தில், ஒரு மூலையில் நாற்காலி போட்டு இந்தியா உட்கார்ந்திருக்கிறது. விமர்சகர்கள் அதை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.

பொன்னுருவி கலிங்கத்து ராஜகுமாரி. தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டவள். வியாச பாரதத்தில் இந்தப் பெயரைத் தேடவேண்டாம். ‘பொன்னுருவி மசக்கை’ போன்ற தமிழ்க் கதைப்பாடல்களிலும் கூத்திலும் வளர்ந்தவள் அவள். கணவனின் குலம் என்ன என்பது தெரியாமல் அவனோடு குடித்தனம் நடத்துகிற ஆத்திரம் அவளுக்கு. ஆஸ்பர்னுக்கு மகாபாரதம் தெரியுமா என்பது நமக்கு வேண்டாத ஆராய்ச்சி. ஆனால் பிறப்பை வைத்துப் புருஷன் பெண்டாட்டிக்குள் நடக்கும் சண்டையை மேடையேற்றியதுதான் புரட்சி என்றால், அந்தப் புரட்சி வட ஆற்காட்டில் எப்போதோ நடந்து முடிந்து, வருஷாவருஷம் சித்திரை வைகாசியில் திரும்ப நடந்துகொண்டிருக்கிறது.

அரக்கோணத்திலிருந்து திருத்தணி சாலையில் டவுன் பஸ் பிடித்துப் போகிற தூரத்தில் ஒரு கிராமம். தர்மராஜா கோயிலில் அக்னி வசந்த விழா என்று சாலையோரமெல்லாம் பேனர். பஞ்ச பாண்டவர்களுக்கு நிகராக ஊர்ப் பெரியவர்களும், அவர்களுக்கு நிகராகப் பிறந்து மூன்று மாதமான ஒரு குழந்தையும் அதில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கத்துப் பாரத விழாவுக்கு ஒரு கிரமம் உண்டு. கொடியேற்றத்திலிருந்து பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்து அர்த்தம் சொல்வார். கடைசிப் பத்து நாள் இரவில் கூத்து. பகலில் எது கதையாகச் சொல்லப்பட்டதோ அது இரவில் வேஷம் கட்டிக்கொண்டு வரும். அர்ச்சுனன் தபசுக்கு நிஜமாகவே உயரமான மரத்தை நட்டு, அர்ச்சுனன் அதன் உச்சிக்குப் பாடிக்கொண்டே ஏறுவான். மேலேயிருந்து அவன் எறிகிற எலுமிச்சம்பழத்துக்குப் பிள்ளையில்லாத பெண்கள் ஈரத் துணியோடு காத்திருப்பார்கள். கடைசி நாள் படுகளம். மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் திடலில் மல்லாந்து கிடப்பான். அவன் தொடையைப் பிளந்து, திரௌபதி கூந்தல் முடித்த பிறகு சாயங்காலம் தீமிதி.

டீக்கடையில் கேட்டேன்.

“இன்னைக்கி கர்ண மோட்சம் சார். பத்து பத்தரைக்கு மேளம் கட்டுவாங்க. நாளைக்கி ராத்திரி பதினெட்டாம் போரு, அடுத்த நாளு படுகளம். நீங்க எந்த ஊரு? மெட்ராஸா? காலேஜுலேர்ந்து வந்துகீறீங்களா?”

இல்லை என்றேன். சும்மா கூத்துப் பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் அவர் முகத்தில் லேசான ஏமாற்றம். கல்லூரியிலிருந்து வருகிறவர்கள் கேமராவோடு வருவார்கள். இது வெறும் ஆள்.

பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் வேஷம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுவரில் சாய்த்த கைக்கண்ணாடி முன் கர்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்து முகத்துக்கு அடிப்பூச்சு பூசிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது தாண்டிய ஆள். தேங்காய் எண்ணெய் தடவிய முகத்தில் சிவப்பு பரவ, மீசையும் புருவமும் மையில் எழும்ப, ஈர்க்குச்சியால் வெள்ளைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்தார். கை நடுங்கவேயில்லை. பக்கத்தில் பாயில் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் வரிசையாகக் கிடந்தன. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் ஜிகினாத் தாளும் ஒட்டியவை. இலேசான மரம் என்பதால்தான் விடியவிடியத் தாங்குகிறதாம். ஒருவர் முதுகில் முழங்காலை ஊன்றிக்கொண்டு கயிற்றை இழுத்துக் கட்ட, கர்ணனுக்கு மூச்சு முட்டியது. “இன்னும் கொஞ்சம் இழு நைனா, ஆடறப்ப நழுவிச்சுன்னா மானம் போயிடும்” என்றார். சலங்கை கட்டி எழுந்து நின்றதும் ஆள் ஒரு அடி உயர்ந்து, இரண்டு மடங்கு அகன்றுபோனார். அரை மணிக்கு முன்னால் என்னிடம் சிகரெட் நெருப்பு கேட்ட மனிதரை அதற்குப் பிறகு எங்கும் காணோம்.

பொன்னுருவி மூலையில் போன் பேசிக்கொண்டிருந்தாள். மன்னிக்கவும், பேசிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வயதுப் பையன். பகலில் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு. “நைட் ஷிப்டு வந்தா மாத்திக்கணும் அண்ணா, இல்லன்னா லீவு போட்ருவேன், சம்பளம் கட்டு” என்றார். சம்பளம் போனாலும் எதற்கு ஆடுகிறீர்கள் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. காலில் சலங்கை கட்டிக்கொண்டிருக்கிறவரிடம் கேட்கிற கேள்வியா அது?

பதினொன்றுக்குத்தான் தொடங்கியது. பெஞ்சு போட்டு ஆர்மோனியம், மிருதங்கம், தாளம். முகவீணைக்காரர் ஒருவர், வயதானவர். அவர் ஊதியபோது மைக் தேவைப்படவில்லை. கட்டியங்காரன் வந்து ஊரையும் சனத்தையும் வம்புக்கு இழுத்தான். இரண்டு பேர் ஒரு புடவையைத் திரையாகப் பிடிக்க, அதற்குப் பின்னாலிருந்து சலங்கை அதிர்ந்தது. முதலில் கிரீடத்தின் உச்சி. அப்புறம் கண். திரையின் விளிம்பைப் பிடித்துத் தாழ்த்தி, தன்னை யார் என்று தானே பாட்டில் சொல்லிக்கொண்டு, சட்டென்று திரையைத் தள்ளி, கிறுகிறுவென்று சுழன்றார் கர்ணன். புழுதி கிளம்பி முன்வரிசைக் குழந்தைகள் இருமின. நவீன நாடகக்காரர்கள் ‘கதாபாத்திர நுழைவு’ என்று ஒரு நாள் முழுக்கப் பயிற்சி நடத்துகிற விஷயம் இங்கே ஒரு புடவையில் முடிந்துவிடுகிறது.

சண்டை வரும்போது மணி ஒன்றரை. பதினேழாம் நாள் போருக்குப் போகுமுன் மனைவியிடம் விடைபெற வந்திருக்கிறான் கர்ணன். பொன்னுருவி கதவைத் திறக்க மாட்டேன் என்கிறாள். கதவு ஏது? ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டிருக்கிறார்கள். அதற்கு அந்தப் பக்கம் நின்று அவள் கேட்கிறாள்: உன் தாய் யார், தகப்பன் யார், எந்தக் குலம் என்று சொல்லிவிட்டு உள்ளே வா. விருத்தத்தில் கேட்கிறாள், வசனத்தில் கேட்கிறாள், பாட்டில் கேட்கிறாள், திரும்பவும் வசனத்தில் கேட்கிறாள். கர்ணனின் பதில் ஒவ்வொன்றும் வரவரச் சிறுத்துப்போகிறது. அத்தனை பெரிய கிரீடத்தோடு, அத்தனை அகலமான தோளோடு ஒரு மனிதன் பிளாஸ்டிக் நாற்காலிக்கு இந்தப் பக்கம் நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. என் பக்கத்திலிருந்த பாட்டி, “அவன்கிட்ட போய் சாதியக் கேக்குறா பாரு, பாவி” என்றார், சத்தமாகவே.

அப்போது கட்டியங்காரன் குறுக்கே வந்தான். ராஜா, இதுக்கா கவலைப்படறீங்க, தாலுக்கா ஆபீஸ் பக்கத்துல இ-சேவை மையம் இருக்குது, ஆதாரும் போட்டோவும் குடுத்தா பதினஞ்சு நாள்ல சாதிச் சான்றிதழ் கையில வந்துரும், அம்மாகிட்ட காட்டிட்டுப் போருக்குப் போங்க என்றான். திடலே சிரித்தது. அப்பா பேரு எழுதற எடத்துல இன்னா எழுதறது என்று கர்ணன் திருப்பிக் கேட்டார். சிரிப்பு நின்றுவிட்டது. எழுதிவைத்த வசனமா, அந்த நிமிஷம் வந்ததா என்று காலையில் கேட்டுப் பார்த்தேன். “அவன் குடுத்தான், நான் வாங்கினேன்” என்றார்.

லண்டன் நாடகத்தில் ஆத்திரத்தைப் பேசுகிறவன் தாழ்ந்த இடத்து ஆண். உயர்ந்த இடத்துப் பெண் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடி பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஜிம்மிக்குப் பேச்சு இருக்கிறது. பெண்களின் மீது அவனுக்கிருக்கும் வெறுப்பு இன்றைக்குப் படித்தால் குமட்டும். கூத்தில் இது தலைகீழ். வசை முழுக்க உயர்ந்த குலத்துப் பெண்ணின் வாயில். தாழ்ந்தவன் என்று நினைக்கப்படுகிறவன் பதில் இல்லாமல் நிற்கிறான். பதில் அவனிடம் இருக்கிறது, அவன் குந்தியின் மகன், ஆனால் அதைச் சொன்னால் வாக்குத் தவறும். கடைசியில் சொல்லிவிடுகிறான். பொன்னுருவி காலில் விழுகிறாள். என்னைக் கேட்டால் கூத்து சறுக்குகிற இடம் இதுதான். குலம் கேட்டது தப்பு என்று கதை சொல்லவில்லை. உயர்ந்த குலத்தானைத் தாழ்ந்தவன் என்று நினைத்ததுதான் தப்பு என்று முடித்துவிடுகிறது. ஆஸ்பர்ன் இந்தச் சமாதானத்தைச் செய்யவில்லை. அந்த ஒன்றுக்காக அவரை மதிக்கலாம்.

கதைக்குள் மட்டும் இருக்கிற சங்கதி இல்லை இது. கர்ணனுக்காகக் கண் கலங்குகிற திடல்களில் எத்தனை, காலனிக்காரர்களின் தலைக்கட்டு வரியை வாங்கிக்கொள்கின்றன? விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தலித்துகள் உள்ளே வரக்கூடாது என்ற தகராறில் திரௌபதி அம்மன் கோயிலையே 2023 ஜூனில் அதிகாரிகள் பூட்டி முத்திரை வைத்தார்கள். அங்கேயும் கர்ண மோட்சம் தெரியாதவர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

கட்டியங்காரனின் அந்தப் பதினைந்து நாள் சான்றிதழை எந்தத் தணிக்கைக்காரரிடம் முன்கூட்டியே காட்டியிருக்க முடியும்? லண்டனில் 1737இல் தொடங்கி ஒவ்வொரு நாடகப் பிரதியும் லார்ட் சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய்க் கத்தரி வாங்கி வரவேண்டியிருந்தது. எட்வர்ட் பாண்டின் ‘சேவ்டு’ போன்ற நாடகங்களை வைத்து ராயல் கோர்ட் மல்லுக்கட்டி, 1968இல் ஒரு வழியாக அந்தச் சட்டம் ஒழிந்தது. நாம் அதற்கு எதிர்த்திசையில் போனோம். வெள்ளைக்காரன் 1876இல் போட்ட நாடகச் சட்டம் போதாதென்று, சுதந்திரம் வந்தபின், எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகம் கிளப்பிய புயலுக்கு நடுவே, 1954இல் சென்னை ராஜ்யத்துக்கென்று தனியாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். பிரதியைக் காவல் துறையிடம் கொடுத்து அனுமதி வாங்கும் அந்த வழக்கத்தை எதிர்த்து ‘பரீக்‌ஷா’ நாடகக் குழுவின் ஞாநி வழக்குப் போட்டு, அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை உயர்நீதிமன்றம் ரத்து செய்தபோது வருஷம் 2013. கூத்தை இதெல்லாம் தொடவில்லை. அதைத் தொடுவது வேறு சட்டம். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. கூத்து தொடங்குவதே பத்துக்கு மேல்தான். ஒவ்வொரு விழாவிலும் ஊர்ப் பெரியவர்கள் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்து இதைச் சரிக்கட்டுகிறார்கள்.

விடியற்காலையில் கர்ணன் செத்தான். கவச குண்டலத்தைக் கொடுத்து, புண்ணியத்தைக் கொடுத்து, கொடுக்க இனி ஒன்றுமில்லை என்ற நிலையில் செத்தான். பாட்டிகள் எழுந்துபோய் அவர் மடியில் பத்து ரூபாயும் இருபது ரூபாயும் போட்டார்கள். ஒரு பாட்டி சாவு வீட்டில் மாதிரியே மாரில் அடித்துக்கொண்டார்.

காலையில் திருத்தணி போய் மலையேறினேன். 365 படி என்பார்கள், வருஷத்துக்கு உள்ள நாளெல்லாம் படியாக. டிசம்பர் 31 இரவில் நடக்கிற படித் திருவிழா வெள்ளைக்காரத் துரைமார்களைப் பார்த்தே தொடங்கியதாம். ஆங்கிலப் புத்தாண்டு விடிந்ததும் எலுமிச்சம்பழத்தோடு துரை வீட்டு வாசலில் நின்றவர்களை, முதலில் தணிகைவேலனைப் பார்க்கச் சொல்லி வள்ளிமலை சுவாமிகள் படிப்படியாகத் திருப்புகழ் பாட வைத்தார் என்பது வழங்கிவரும் கதை. அன்று எனக்கிருந்த தூக்கத்தில் பாதிப் படிக்கு மேல் எந்தச் சரித்திரமும் ஏறவில்லை. மேலேயிருந்து வடக்கே பார்த்தால் ஆந்திரத்து மலைகள். ம.பொ.சி.யின் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1இல்தான் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. பாரத விழா அந்த எல்லைக் கோட்டை மதிப்பதில்லை. சித்தூர்ச் சீமையில் இதே திரௌபதி, இதே தபசு மரம், தெலுங்கில் வீதி நாடகமாக நடக்கிறது.

மத்தியானம் அரக்கோணத்திலிருந்து செங்கல்பட்டுப் பாதையில் காஞ்சிபுரம். வழியில் தக்கோலம். 949இல் இராட்டிரகூடர்களோடு நடந்த போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானை மேலேயே செத்த களம். கர்ணனுக்குக் குறைவில்லாத சாவு. யாராவது கூத்தாக எழுதியிருக்கலாம். காஞ்சியிலிருந்து பஸ்ஸில் செய்யாறு வட்டாரத்துப் புரிசை. தமிழ் நவீன நாடகத்துக்கு ஒரு பிறந்த வீடு உண்டென்றால் இந்தக் கிராமம்தான், அது சென்னையில் வளர்ந்திருந்தாலும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பத்திருபது வருஷங்களில் நம் மேடையில் என்ன நடந்தது என்பதைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். சங்கரதாஸ் சுவாமிகளின் வழிவந்த கம்பெனி நாடகங்கள் சினிமாவிடம் தோற்றன. அண்ணாவின் ‘வேலைக்காரி’யும் ராதாவின் நாடகங்களும் அரசியலைக் கொண்டுவந்தன, அந்த ஆட்களையும் சினிமா கொண்டுபோனது. மிஞ்சியது சபா. அங்கே நம் ஊர் வரவேற்பறையும் நம் ஊர் சோபாவும் நாற்பது வருஷம் குடியிருந்தன. எழுத்தில் மட்டும் கதை வேறு. ஐம்பதுகளிலேயே ஜெயகாந்தன் குடிசைக்காரர்களைக் கதைக்குள் கொண்டுவந்தார். சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ தொடங்கினார். அந்தச் சிறுபத்திரிகை வட்டத்திலிருந்து வந்தவர் ந. முத்துசாமி. தஞ்சாவூர்ப் பக்கத்துப் புஞ்சைக்காரர். அறுபதுகளின் கடைசியில் அவர் எழுதிய ‘காலம் காலமாக’ போன்ற நாடகங்களைப் படித்தவர்கள் பெக்கெட்டின் பெயரைச் சொன்னார்கள். பெக்கெட் 1955இல் லண்டனில் செய்ததை இவர் தமிழில் செய்கிறார் என்றார்கள். ஆனால் அந்த நாடகங்களை நடிக்க இங்கே நடிகன் இல்லை. சபா நடிகனுக்கு வாய் மட்டும்தான் இருந்தது. உடம்பு இல்லை.

அந்த உடம்பை முத்துசாமி புரிசையில் கண்டார். எழுபதுகளின் நடுவில் நடேச தம்பிரானின் கூத்தைப் பார்த்தது அவரைத் திருப்பிப்போட்டது. 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு பிறந்தது. புரிசைக் கண்ணப்ப தம்பிரான் அவர்களுக்கு வாத்தியார் ஆனார். அடவும் குரலும் சென்னைக்குப் போயின. எதிர்வரவும் இருந்தது. பிரெக்டின் பெர்லினர் ஆன்சம்பிள் 1956 ஆகஸ்டில் லண்டனுக்கு வந்து ‘காகேசியன் சாக் சர்க்கிள்’ ஆடியதை, பிரிட்டிஷ் நாடகத்தை மாற்றிய இன்னொரு சம்பவம் என்பார்கள். அதே நாடகத்தைப் புரிசைக்காரர்கள் கட்டை கட்டிக்கொண்டு கூத்தாகவே ஆடினார்கள். மார்க்வெஸின் சிறகு முளைத்த கிழவன் கதையையும் ஆடினார்கள். 2003இல் கண்ணப்ப தம்பிரான் காலமானார். அவர் மகன் சம்பந்தனிடம் பாரீஸின் தியேத்தர் து சொலேய் குழு கூத்துக் கற்றுக்கொண்டு, 2016இல் இந்தியாவை வைத்துத் தாங்கள் போட்ட நாடகத்தில் பாரதக் காட்சிகளைத் தமிழிலேயே பாடி ஆடியது. சம்பந்தனுக்கு 2025இல் பத்மஸ்ரீ.

இதெல்லாம் பெருமைதான். ஆனாலும் புரிசையில் நின்றபோது எனக்கு முந்தின இரவுப் பாட்டிகள்தான் நினைவில் இருந்தார்கள். நவீன நாடகம் கூத்திலிருந்து அடவை எடுத்துக்கொண்டது, குரலை எடுத்துக்கொண்டது, திரைப் புடவையை எடுத்துக்கொண்டது. பார்க்கிறவர்களை எடுத்துக்கொண்டு போக அதற்குத் தெரியவில்லை. காசு கொடுக்கும் முறையையும் எடுத்துக்கொள்ளவில்லை. பிரிட்டனில் ஆஸ்பர்னும் பின்டரும் வெஸ்கரும், 19 வயதில் எழுதிய ஷீலா டெலானியும் கிளம்பி வந்தது திறமையால் மட்டும் நடந்ததில்லை. போரின் நடுவிலேயே கலைக்கென்று அரசுப் பணம் ஒதுக்கி, 1946இல் அதை ஆர்ட்ஸ் கவுன்சிலாக ஆக்கியிருந்தார்கள். தோற்றுப்போகும் நாடகத்தையும் தாங்க ஒரு கஜானா இருந்தது. 1963இல் தேசிய நாடகக் குழு, 1976இல் தேம்ஸ் கரையில் அதற்குச் சொந்தக் கட்டடம். இங்கே முத்துசாமி தலைமுறை ஒரு வாடகை மாடியிலிருந்து இன்னொரு வாடகை மாடிக்குப் போய்க்கொண்டிருந்தது. பயிற்சி முடித்த பசுபதி, கலைராணி போன்றவர்களைச் சினிமா தூக்கிக்கொண்டது. அவர்களைக் குறை சொல்ல நாம் யார்?

ஆர்ட்ஸ் கவுன்சில் நம்மிடமும் இருந்தது. தலைக்கட்டுக்கு இத்தனை ரூபாய் என்று ஊர் கூடி விதித்து, நோட்டுப் போட்டு வசூல் பண்ணி, கூத்து ஜமாவுக்கு வெற்றிலை பாக்கில் அச்சாரம் வைத்து, பத்து ராத்திரிக்கும் சோறு போட்டு, சண்டை வந்தால் சமாதானம் பண்ணி முடிக்கிற அந்தத் தர்மராஜா கோயில் கமிட்டி. சாதி அழுக்கோடு சேர்ந்த அமைப்புத்தான். ஆனால் தமிழில் நாடகக்காரனுக்கு அடுத்த வருஷமும் வேலை உண்டு என்று உத்தரவாதம் கொடுக்கிற ஒரே அமைப்பும் அதுதான். நவீன நாடகத்துக்காரர்கள் கூத்துக்காரனிடம் பாடம் கேட்டதுபோல, ஊர்க் கமிட்டிக்காரனிடம் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குக் கேட்டிருக்கலாம்.

சித்திரை பிறந்து வைகாசி முடிவதற்குள் ஒரு சனிக்கிழமை மாலை சென்ட்ரலில் அரக்கோணம் லோக்கல் ஏறுங்கள். எந்த டீக்கடையிலும் இன்றைக்கு எங்கே கூத்து என்று கேட்டால் சொல்வார்கள். உட்காரப் பாயோ துண்டோ எடுத்துப்போங்கள். டிக்கெட் கிடையாது, அதனால் கர்ணன் மடியில் போடச் சில்லறை நோட்டாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். போனில் படம் பிடித்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு எழுந்து வந்துவிடாதீர்கள். சண்டை ஒன்றரைக்கு மேல்தான்.